176,928 வாக்குகளுக்குப் பிறகும் காத்திருக்கும் தீவு

சிங்கப்பூரில் சாலையைக் கடக்க மேம்பாலம் ஏறாத மாணவர் இருக்க முடியாது. பாலத்தின் இரு பக்கமும் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூத்துத் தொங்கும் செடிக்குப் பெயர் போகன்வில்லா. நம் பாட்டிமார் அதைக் காகிதப்பூ என்பார்கள். லூயி அந்துவான் டி போகன்வில் என்ற பிரெஞ்சுக் கடற்பயணியின் பெயரைத்தான் அந்தச் செடிக்கு வைத்தார்கள். அவர் 1768ஆம் ஆண்டு பசிபிக் பெருங்கடலில் சென்றபோது கடந்துபோன ஒரு தீவுக்கும் அவர் பெயரே நிலைத்தது. பூ நமக்குத் தெரியும். தீவைப் பற்றி நம் பாடநூல்களில் அநேகமாக ஒன்றும் இல்லை.

அந்தத் தீவு 2027ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி தனி நாடாகிவிட வேண்டும் என்று நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கிறது. அது இப்போது பாப்புவா நியூ கினியின் ஒரு பகுதி. பத்து ஆண்டு போர், அதன்பின் ஓர் அமைதி உடன்பாடு, அதன்பின் ஒரு பொது வாக்கெடுப்பு என எல்லாம் முடிந்துவிட்டன. வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் சுதந்திரம் கேட்டார்கள். ஆனாலும் அது இன்னும் நாடாகவில்லை. ஏன் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

போகன்வில்லின் பரப்பு நம் சிங்கப்பூரைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல். மக்கள்தொகையோ சுமார் 300,000. தெம்பனிஸ் வட்டாரத்தில் வாழ்வோரின் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய நெருங்கி வரும். நடுவில் எரிமலைத் தொடர், இருபுறமும் மழைக்காடு, கரையோரத்தில் தென்னையும் கொக்கோவும். வரைபடத்தைப் பிரித்து வைத்துப் பாருங்கள். பாப்புவா நியூ கினியின் தலைநகரமான போர்ட் மோர்ஸ்பி 900 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. தெற்கு முனையிலிருந்து அடுத்த நாடான சாலமன் தீவுகளுக்கோ சிறு படகிலேயே போய்விடலாம். மொழியிலும் உறவிலும் தோற்றத்திலும் போகன்வில் மக்கள் சாலமன் தீவு மக்களுக்கே நெருக்கமானவர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்து, பண்டம் மாற்றிப் பழகியது அந்தப் பக்கத்தோடுதான்.

பிறகு எப்படி இந்தப் பக்கம் சேர்ந்தார்கள்? 1899இல் ஜெர்மனியும் பிரிட்டனும் சமோவாத் தீவுகளைப் பற்றிப் பேரம் பேசின. அந்தப் பேரத்தின் ஓர் அங்கமாக சாலமன் தீவுக் கூட்டத்தின் சில தீவுகளை ஜெர்மனி பிரிட்டனுக்குக் கொடுத்தது. போகன்வில்லையும் அதை ஒட்டிய புக்கா தீவையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. எல்லைக்கோடு அப்படி விழுந்தது. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா அந்த ஜெர்மன் பகுதியைக் கைப்பற்றியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வந்தார்கள், போனார்கள். மீண்டும் ஆஸ்திரேலியா, ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பொறுப்பாட்சி என்ற பெயரில். 1975இல் பாப்புவா நியூ கினி சுதந்திரம் பெற்றபோது போகன்வில்லும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

ஒட்டிக்கொண்டு வந்தது என்பதுகூடச் சரியில்லை. பாப்புவா நியூ கினியின் சுதந்திர நாள் 1975 செப்டம்பர் 16. அதற்குப் பதினைந்து நாள் முன்னதாக, செப்டம்பர் 1ஆம் தேதி, போகன்வில் தலைவர்கள் வட சாலமன் குடியரசு என்று தனிநாட்டை அறிவித்துவிட்டார்கள். எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை. ஜான் மோமிஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஐக்கிய நாட்டு நிறுவனம் வரை போய் முறையிட்டார். பலன் இல்லை. அடுத்த ஆண்டு சமாதானம் பேசி, மாநில அரசாங்கம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு அடங்கினார்கள். அதே மோமிஸ் பாப்புவா நியூ கினியின் அரசமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவில் முக்கியமானவர். ஒரே மனிதர் ஒரு நாட்டுக்குச் சட்டமும் எழுதினார், அதிலிருந்து பிரியவும் போராடினார். 2027க்குக் குறித்திருக்கும் நாளும் செப்டம்பர் 1தான் என்பதைக் கவனியுங்கள். அது தற்செயல் இல்லை.

சுரங்கம் வந்த கதை

எல்லைக்கோடு மட்டும் இருந்திருந்தால் போர் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். உலகில் எத்தனையோ எல்லைகள் தப்பாக விழுந்திருக்கின்றன. மக்கள் முணுமுணுத்துக்கொண்டே வாழ்ந்துவிடுகிறார்கள். இங்கே போரை மூட்டியது செம்பு.

தீவின் நடுமலையில் பங்குனா என்று ஓர் இடம். (நம் பங்குனி மாதத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.) 1964இல் ரியோ டின்டோ குழுமத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலிய நிறுவனம் அங்கே ஆய்வு தொடங்கியது. பெரும் செம்புப் படிவமும் அதோடு தங்கமும் இருப்பது தெரிந்தது. 1972இல் உற்பத்தி தொடங்கியது. உலகின் மிகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. 1989இல் மூடப்படும் வரை சுமார் 3 மில்லியன் டன் செம்பும் 300 டன்னுக்கு மேல் தங்கமும் அங்கிருந்து எடுக்கப்பட்டன. பாப்புவா நியூ கினியின் ஏற்றுமதி வருவாயில் கிட்டத்தட்டப் பாதி அந்த ஒரே குழியிலிருந்து வந்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆஸ்திரேலிய ஆட்சி கொண்டுவந்த சட்டப்படி, நிலத்தின் மேற்பரப்பு குடியானவருக்கு, அடியில் இருக்கும் கனிமம் அரசாங்கத்துக்கு. ஏற்றுமதி மதிப்பில் 1.25 விழுக்காடு உரிமத்தொகை. முதலில் அதிலும் நிலத்துக்காரர்களுக்குப் பங்கு இல்லை. பால் லபூன் என்ற போகன்வில் உறுப்பினர் சட்டமன்றத்தில் வாதாடி, அந்த உரிமத்தொகையில் 5 விழுக்காட்டை நிலத்துக்காரர்களுக்கு வாங்கிக் கொடுத்தார். பெரிய வெற்றி என்று அன்று பேசப்பட்டது. கணக்கிட்டுப் பாருங்கள். 100 வெள்ளிக்குச் செம்பு விற்றால் உரிமத்தொகை 1 வெள்ளி 25 காசு. அதில் 5 விழுக்காடு, 6 காசுக்குச் சற்று மேல். நிலத்துக்கும் சேதத்துக்கும் கொடுத்த இழப்பீடு தனி. எல்லாவற்றையும் சேர்த்தாலும், சுரங்கம் ஓடிய காலத்தில் ஈட்டிய பணத்தில் நிலத்துக்காரர்களுக்குப் போனது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பெரும் பங்கு மத்திய அரசாங்கத்துக்கும் பங்குதாரர்களுக்கும் போனது.

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை நிலம். போகன்வில்லின் பெரும்பகுதியில் நிலம் தாய்வழியில் வருகிறது. அம்மாவிடமிருந்து மகளுக்கு. ஆனால் பேச்சு நடத்த வந்த அதிகாரிகளும் நிறுவனத்தாரும் ஆண்களைத் தேடிப் பேசினார்கள், ஆண்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். நிலத்துக்கு உரியவர்களைக் கேட்காமலே நிலம் போயிற்று. 1969 ஆகஸ்டில், சுரங்கத்துக்கான துறைமுகம் கட்ட ரொரவானா கிராமத்து நிலத்தை அளக்க வந்தபோது, பெண்கள் திரண்டு வந்து அளவைக் கற்களைப் பிடுங்கிப் போட்டார்கள். போலிசார் கண்ணீர்ப் புகை வீசித் தடியடி நடத்தினார்கள். அந்தப் படங்கள் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் வந்து பெரும் சலசலப்பை உண்டாக்கின. நிலத்துக்கு விலை கொஞ்சம் கூடியது. சுரங்கம் நிற்கவில்லை.

கழிவை எங்கே கொட்டுவது? ஆற்றில். ஒரு பில்லியன் டன்னுக்கு மேல் கழிவு கவெரோங், ஜாபா ஆறுகளில் இறங்கியது. ஆற்றின் படுகை உயர்ந்தது, வெள்ளம் புகுந்தது, மீன் போயிற்று, தோட்டம் போயிற்று. இந்த ஆறுகளை நம்பி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்கள்.

இளையர்கள் கேட்ட கேள்வி

இந்த இடத்தில் நம் பக்கத்தின் வாசகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். 1980களில் நிலத்துக்காரர் சங்கத்தை நடத்தியவர்கள் மூத்த தலைமுறை. ஒப்பந்தம் போட்டபோது இருந்தவர்கள், இழப்பீட்டைக் கையில் வாங்கியவர்கள். ஒப்பந்தத்தின்போது சிறுவர்களாக இருந்தவர்களுக்கு நிலமும் இல்லை, பணமும் இல்லை, சங்கத்தில் குரலும் இல்லை. 1987இல் பெர்பெச்சுவா செரெரோ என்ற பெண்ணும் அவருடைய உறவினர் பிரான்சிஸ் ஓனாவும் புதிய சங்கம் ஒன்றை அமைத்தார்கள். ஓனா அந்தச் சுரங்கத்திலேயே வேலை பார்த்தவர். நிறுவனத்தை எதிர்ப்பதற்கு முன் அவர்கள் எதிர்க்க வேண்டியிருந்தது சொந்த மாமன், பெரியப்பன்மாரை. வெளியே வேறொரு நாட்டின் போராட்டமாகத் தெரிவது உள்ளே ஒரு குடும்பச் சண்டையாகவும் இருந்தது.

அவர்கள் 10 பில்லியன் கினா இழப்பீடு கேட்டார்கள். கிடைக்காது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். 1988 நவம்பரில் சுரங்கத்தின் வெடிமருந்து திருடப்பட்டது. மின்கம்பங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. மின்சாரம் இல்லாமல் சுரங்கம் ஓடாது. 1989 மே மாதம் பங்குனா மூடப்பட்டது. மீண்டும் திறக்கவே இல்லை.

அரசாங்கம் முதலில் போலிசாரையும் பின்னர் ராணுவத்தையும் அனுப்பியது. வீடுகள் எரிக்கப்பட்டன. அதுவரை சுரங்கத்தைப் பற்றிக் கவலைப்படாத கிராமங்களும் அதன்பின் ஓனாவின் பக்கம் சாய்ந்தன. இழப்பீடு கேட்ட இயக்கம் சுதந்திரம் கேட்கும் இயக்கமாக மாறியது இப்படித்தான். 1990 மார்ச்சில் ராணுவம் தீவைவிட்டு வெளியேறியது. மே மாதம் போகன்வில் மறுபடியும் சுதந்திரத்தை அறிவித்தது. இந்த முறையும் எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை. அரசாங்கம் பதிலுக்குத் தீவைச் சுற்றி முற்றுகை போட்டது. மருந்து இல்லை, எரிபொருள் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை.

முற்றுகைக் காலத்துப் போகன்வில் மக்களின் கைத்திறன் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி அதில் வண்டி ஓட்டினார்கள். கைவிடப்பட்ட சுரங்கத்தின் இரும்பையும் மோட்டாரையும் பிரித்தெடுத்து, ஓடைகளில் சிறு நீர்மின் நிலையங்கள் அமைத்தார்கள். ஜப்பானியர் விட்டுப்போன உலகப் போர்த் துப்பாக்கிகளைத் துரு நீக்கிப் பயன்படுத்தினார்கள். இதையெல்லாம் படிக்கும்போது ஒரு சாகசக் கதைபோல இருக்கும். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். ஆனால் அதே ஆண்டுகளில்தான் சாதாரண நோய்க்கு மருந்தில்லாமல் குழந்தைகள் இறந்தார்கள், பிரசவத்தில் தாய்மார்கள் இறந்தார்கள். ஒரு தலைமுறை பள்ளிக்கூடமே போகாமல் வளர்ந்தது. அந்தத் தலைமுறைக்கு இன்று நாற்பது வயதுக்கு மேல். நாட்டை நடத்த வேண்டிய வயது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது முழுக்கப் போகன்வில்லுக்கும் பாப்புவா நியூ கினிக்கும் நடந்த போர் இல்லை. ராணுவம் வெளியேறியதும் புரட்சிப் படையின் பெயரால் பழைய பகைகள் தீர்க்கப்பட்டன. அதைத் தாங்காத பகுதிகள் எதிர்ப்புப் படை அமைத்து, ராணுவத்தையே திரும்ப அழைத்தன. போகன்வில்காரரைப் போகன்வில்காரர் கொன்றார்கள். போரிலும் முற்றுகையிலும் இறந்தவர்கள் 10,000 முதல் 20,000 வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அன்றைய மக்கள்தொகை 200,000க்கும் குறைவு.

நடுவில் நின்று சமாதானம் பேச முயன்றவர் தியோடர் மிரியுங். இடைக்கால அரசாங்கத்தின் முதல்வர். 1996 அக்டோபரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். யார் கொன்றது என்று விசாரிக்கக் காமன்வெல்த் அமைப்பின் வழியாக இலங்கை நீதிபதி ஒருவர் வந்தார். அவர் பெயர் திருநாவுக்கரசு சுந்தரலிங்கம். ராணுவத்தினரும் அரசாங்கச் சார்பான எதிர்ப்புப் படையினரும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்று அவர் கண்டறிந்தார். தம் நாட்டிலேயே ஒரு பிரிவினைப் போர் உச்சத்தில் இருந்த காலத்தில், ஒரு தமிழ் நீதிபதி இன்னொரு தீவின் பிரிவினைப் போரில் நடந்த கொலையை விசாரிக்கப் போயிருக்கிறார். அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

போரை முடித்தது வெற்றி இல்லை. ஓர் அவமானம். 1997இல் பிரதமர் ஜூலியஸ் சான், சேண்ட்லைன் என்ற தனியார் கூலிப்படை நிறுவனத்துடன் 36 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். சுரங்கத்தை மீட்டுக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. ராணுவத் தளபதி ஜெரி சிங்கிரோக் அதை ஏற்க மறுத்து, கூலிப்படையினரைப் பிடித்து வெளியேற்றினார். தலைநகரில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். பிரதமர் ஒதுங்கினார், அடுத்த தேர்தலில் தொகுதியையும் இழந்தார். போரால் இதை முடிக்க முடியாது என்பது அதோடு இரு தரப்புக்கும் தெரிந்துவிட்டது. நியூசிலாந்தின் பர்ன்ஹாம் ராணுவ முகாமில் பேச்சு நடந்தது. 1998 ஏப்ரல் 30 முதல் நிரந்தரப் போர்நிறுத்தம். அதைக் கண்காணிக்க நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஃபிஜி, வனுவாத்து நாடுகளிலிருந்து வந்தவர்கள் கையில் துப்பாக்கி இல்லாமல் வந்தார்கள். துப்பாக்கி இல்லாத படையை நம்பிக் கிராமத்துக்குள் விட்டவர்களில் முதல் வரிசையில் இருந்தவர்கள் பெண்கள். காட்டுக்குள் போய்த் தம் பிள்ளைகளை அழைத்து வந்தவர்களும் அவர்களே.

பிரான்சிஸ் ஓனா மட்டும் கடைசி வரை உடன்படவில்லை. பங்குனா மலையிலேயே தனக்கென ஓர் எல்லை வகுத்து இருந்துவிட்டார். பின்னாளில் தம்மை அரசர் என்று அறிவித்துக்கொண்டார். 2005இல் காலமானார்.

ஒரு சொல்லில் மாட்டிக்கொண்ட வாக்கெடுப்பு

2001 ஆகஸ்ட் 30ஆம் தேதி அராவா நகரில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. மூன்று அம்சங்கள். போகன்வில்லுக்குத் தன்னாட்சி, ஆயுதங்களை ஒப்படைத்தல், தன்னாட்சி அரசாங்கம் அமைந்து 10 முதல் 15 ஆண்டுக்குள் சுதந்திரம் பற்றிய பொது வாக்கெடுப்பு. மூன்றாவது அம்சத்தில்தான் பேச்சு பல மாதம் நின்றுபோயிருந்தது. வாக்கெடுப்பின் முடிவு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றது போகன்வில். கூடவே கூடாது என்றது போர்ட் மோர்ஸ்பி.

முடிச்சை அவிழ்க்க வந்தவர் ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் டவுனர். வாக்கெடுப்பு நடக்கட்டும், ஆனால் முடிவு சட்டப்படி கட்டுப்படுத்தாது, நாடாளுமன்றமே இறுதியாகத் தீர்மானிக்கும் என்பது அவருடைய யோசனை. இதில் எங்களுக்கு என்ன லாபம் என்று போகன்வில் தலைவர்கள் கேட்டபோது, அவர் காட்டிய உதாரணம் கிழக்குத் திமோர். அங்கே 1999 ஆகஸ்ட் 30இல் வாக்கெடுப்பு நடந்தது. 78.5 விழுக்காட்டினர் இந்தோனீசியாவிலிருந்து பிரிய வாக்களித்தார்கள். மக்கள் அவ்வளவு தெளிவாகச் சொன்னபின் உலகம் சும்மா இருக்க முடியவில்லை, ஜகார்த்தாவும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது என்பது அவர் வாதம். அந்தத் திமோர் லெஸ்டே 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியானின் பதினோராவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது நமக்குத் தெரியும். ஆனால் அங்கே வாக்கெடுப்புக்கும் அங்கீகாரத்துக்கும் நடுவில் என்ன வன்முறை நடந்தது, சர்வதேசப் படை எப்படிப் போய் இறங்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்த உதாரணத்தைப் படிக்க வேண்டும்.

போகன்வில் ஏற்றுக்கொண்டது. வாக்கெடுப்பு 2019 நவம்பர் 23 முதல் டிசம்பர் 7 வரை நடந்தது. ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் பெர்ட்டி அஹர்ன். பதிவு பெற்ற 206,000க்கும் அதிகமான வாக்காளர்களில் 181,067 பேர் வாக்களித்தார்கள். சுதந்திரத்துக்கு 176,928. கூடுதல் தன்னாட்சி போதும் என்றவர்கள் 3,043. மீதி செல்லாத வாக்குகள். எந்தக் கலவரமும் இல்லை. பாட்டுப் பாடி ஊர்வலமாக வந்து வாக்களித்தார்கள். முன்பு ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட இரு தரப்பும் ஒரே வரிசையில் நின்றன.

அதோடு சிக்கல் திரும்பியது. வாக்கெடுப்பு முடிந்ததும் இரு அரசாங்கங்களும் கலந்தாலோசிக்க வேண்டும், முடிவை நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்க வேண்டும் என்கிறது உடன்பாடு. எவ்வளவு காலம் கலந்தாலோசிப்பது? நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதுமா, மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமா? ஒப்புதல் கிடைக்காவிட்டால் என்ன? தெளிவான பதில் உடன்பாட்டில் இல்லை. 2001இல் இந்தக் கேள்விகளைக் கிளறியிருந்தால் உடன்பாடே வந்திருக்காது. எனவே வேண்டுமென்றே மங்கலாக விட்டார்கள். அது அன்று உயிர்களைக் காப்பாற்றியது. அதனால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மங்கலுக்கான விலையை இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2020இல் போகன்வில்லின் அதிபரானவர் இஷ்மாயல் டொரோமா, முன்னாள் புரட்சிப் படைத் தளபதி. 2025 தேர்தலிலும் அவரே வென்றார். பாப்புவா நியூ கினியின் பிரதமர் ஜேம்ஸ் மராப்பே. இருவரும் பல ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். 2025க்கு முன் இல்லை, 2027க்குப் பின் இல்லை என்று ஒரு கால வரையறையை 2021இல் ஏற்றுக்கொண்டார்கள். வாக்குக் கணக்கில் மறுபடியும் முட்டிக்கொண்டதால், நியூசிலாந்தின் முன்னாள் தலைமை ஆளுநர் ஜெரி மாட்டெபாரே நடுவராக அழைக்கப்பட்டார். 2025 ஜூனில் பழைய பர்ன்ஹாம் முகாமிலேயே மெலனீசிய உடன்படிக்கை என்ற ஒன்று கையெழுத்தானது. அது நாடாளுமன்றத்துக்குள் இந்த விவகாரத்தை எப்படிக் கொண்டுசெல்வது என்பதற்கு வழி சொல்கிறது. முடிவு என்ன என்பதைச் சொல்லவில்லை.

போர்ட் மோர்ஸ்பியின் தயக்கத்தையும் நாம் நியாயமாகப் பார்க்க வேண்டும். 800க்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாடு அது. ஒரு மாநிலம் பிரிந்தால் அடுத்தது கிளம்பும் என்ற பயம் இருக்கிறது. அண்டைத் தீவு மாநிலங்கள் சில ஏற்கெனவே கூடுதல் தன்னாட்சி கேட்டு வருகின்றன. 2027 நடுவில் அங்கே பொதுத் தேர்தல். நாட்டைத் துண்டாக்கியவர் என்ற பெயருடன் வாக்குக் கேட்கப் போக எந்த அரசியல்வாதியும் விரும்பமாட்டார். ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் 2001லும் இருந்தவைதான். வாக்கெடுப்பை நடத்த ஒப்புக்கொண்ட பிறகு, அதன் முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக நாளைத் தள்ளிக்கொண்டே போவதை நேர்மையான கலந்தாலோசனை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு இருபது ஆண்டு பொறுமையாக இருந்தவர்களுக்கு அது தவறான பாடத்தைக் கற்பிக்கும்.

மறுபடியும் அந்தக் குழி

சரி, சுதந்திரம் கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் யார் கொடுப்பது? போகன்வில் அரசாங்கம் சொந்தமாக வசூலிக்கும் வருவாய் மிகக் குறைவு. ஆசிரியர், தாதியர், போலிசார் சம்பளம் உட்படப் பெரும் செலவு போர்ட் மோர்ஸ்பியின் மானியத்திலும் வெளிநாட்டு உதவியிலும் நடக்கிறது. கொக்கோவும் கொப்பரையும் ஒரு நாட்டை நடத்தப் போதாது. எனவே எல்லாக் கண்களும் மறுபடி பங்குனாவின் பக்கம் திரும்புகின்றன. 5 மில்லியன் டன்னுக்கு மேல் செம்பும் 19 மில்லியன் அவுன்ஸ் தங்கமும் இன்னும் மண்ணுக்கடியில் இருப்பதாக நிறுவனத்தின் மதிப்பீடு. மின்சாரக் கார்களின் காலத்தில் செம்பின் விலை சொல்ல வேண்டியதில்லை. ரியோ டின்டோ 2016இல் தன் பங்குகளை விட்டுக்கொடுத்து வெளியேறியது. சுரங்க நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு இப்போது போகன்வில் அரசாங்கத்திடம்.

எந்தச் சுரங்கத்தை மூட ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்களோ, அதைத் திறந்தால்தான் அவர்கள் கேட்ட நாடு நிற்கும். மலையில் இன்னும் வாழ்பவர்களில் சிலர் திறக்கலாம் என்கிறார்கள், இந்த முறை முடிவு நம் கையில் இருக்கிறதே என்பது அவர்கள் நியாயம். சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். ஆற்றில் இறங்கிய கழிவு இன்றுவரை அகற்றப்படவில்லை. சுரங்கம் விட்டுச்சென்ற பாதிப்புகளை ஆராய்ந்த சுயேச்சையான அறிக்கை ஒன்று 2024 டிசம்பரில் வெளியானது. வெள்ளமும் மண்சரிவும் இடிந்து விழக்கூடிய பழைய கட்டடங்களும் இன்னும் மக்களின் உயிருக்கு ஆபத்தாக இருப்பதாக அது சொன்னது. ரியோ டின்டோ அறிக்கையை ஏற்றுக்கொண்டது. சீர்செய்யும் செலவை யார், எவ்வளவு கொடுப்பது என்பது பேச்சில் இருக்கிறது.

வாக்கு விழுக்காட்டை மட்டும் பார்த்து எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்குத் தென் சூடான் ஓர் எச்சரிக்கை. அங்கேயும் 2011இல் 98 விழுக்காட்டுக்கு மேல் சுதந்திரத்துக்கு வாக்களித்தார்கள். மூன்று ஆண்டுக்குள் உள்நாட்டுப் போர். எண்ணெய் வருவாயை யார் வைத்துக்கொள்வது என்பது அங்கே ஒரு காரணம். போகன்வில்லுக்கு ஒரு சாதகம் உண்டு. அவர்கள் தங்களுக்குள்ளான சண்டையைச் சுதந்திரத்துக்கு முன்பே போட்டு, முன்பே சமரசமும் செய்துகொண்டார்கள். கொன்றவரும் இழந்தவரும் எதிரெதிரே உட்கார்ந்து, பன்றி அடித்து விருந்து வைத்து, வில்லை முறித்துப் பகை தீர்க்கும் சடங்குகள் கிராமம் கிராமமாக நடந்தன. சில இன்னும் நடக்கின்றன. எந்த ஒப்பந்தத்தின் ஷரத்திலும் அடங்காத வேலை அது.

நம்மில் பலருக்குப் பிரிவினை என்றதும் 1965 ஆகஸ்ட் 9 நினைவுக்கு வரும். ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்காமல், ஒரே நாளில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி முடிந்துபோன பிரிவு. போகன்வில்லின் கதையைப் படித்தபின் அந்த நாள் எவ்வளவு அபூர்வமானது என்பது எனக்கு வேறு மாதிரி உறைக்கிறது. அவர்களுக்கும் இப்போது தேவைப்படுவது அப்படி ஒரு நாடாளுமன்ற வாக்கு மட்டும்தான்.

2027 நடுவில் பாப்புவா நியூ கினியில் தேர்தல் நடக்கும். புதிய நாடாளுமன்றம் கூடும்போது ஆகஸ்டு ஆகிவிடலாம். செப்டம்பர் முதல் தேதிக்கு அதன்பின் சில வாரங்களே இருக்கும். நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தாலும் தராவிட்டாலும் அந்த நாளிலிருந்து விலகப் போவதில்லை என்று டொரோமாவின் அரசாங்கம் சொல்லி வருகிறது. உலகச் செய்திப் பக்கத்தில் அந்த வாரம் இந்தப் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.